பெயரை வைத்துச் செயலியை அறிய முடியாது

கெர்னல் எழுதிப் பழகும் எவரிடமும் கேட்டுப் பாருங்கள்: கணினியை ஆன் செய்த முதல் சில கணங்களுக்குள், தான் எந்தச் செயலியின் மேல் ஓடுகிறோம் என்பதைக் கெர்னல் எப்படித் தெரிந்துகொள்கிறது? யோசிக்காமல் பதில் வரும். சிபியூஐடி என்றொரு கட்டளை இருக்கிறது. அதை ஓட்டினால் தயாரிப்பாளரின் பெயர், குடும்ப எண், மாடல் எண், ஸ்டெப்பிங் எண், செயலியில் என்னென்ன வசதிகள் உண்டு என்று காட்டும் பிட்டுகள் எல்லாம் ரெஜிஸ்டர்களில் வந்து நிற்கும். கையிலுள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, ஒரு குளோபல் மாறியில் எழுதி வைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆர்ம் செயலியானால் சிபியூஐடி இருக்கும் இடத்தில் ஓர் அடையாள ரெஜிஸ்டர். மற்றபடி கதை அதேதான். இயங்குதளப் பாடங்களில் மெமரிக்கும் ஷெட்யூலருக்கும் வாரக்கணக்கில் நேரம் ஒதுக்குபவர்கள் இந்தப் பகுதியை ஒரே மூச்சில் கடந்துபோகிறார்கள்.

இந்தக் கருத்துக்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. சிபியூஐடி தயாரிப்பாளரே எழுத்தில் உறுதி சொல்லும் வழி. ஒரே கட்டளை, பக்கவிளைவு இல்லை. பூட்டின் தொடக்கத்தில் கன்சோல் இல்லை, டிபக்கர் இல்லை, இன்ட்டரப்ட் அட்டவணை கூட இன்னும் நிறுவப்படாமல் இருக்கலாம். அந்த நிலையில் "இந்தக் கட்டளை வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று துணிந்து ஓட்டிப் பார்த்தால், செயலி அதை ஏற்காதபோது பிழையைப் பிடிக்க ஆளில்லை. பிழைக்குள் பிழை, அதற்குள் இன்னொரு பிழை என்று மூன்றாம் அடியில் இயந்திரமே ரீசெட் ஆகிவிடும். ஆகவே செயலி தன்னைப் பற்றிச் சொல்வதை நம்பு, சோதித்துப் பார்க்கிறேன் என்று வம்பை விலைக்கு வாங்காதே என்பது அவர்கள் வாதம். முடிந்தவரை எளிய நிரலே பூட் தொடக்கத்தில் பாதுகாப்பான நிரல் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்டே சொல்கிறேன்: இந்தப் பார்வை தவறு. அது தவறான கேள்வியைக் கேட்கிறது. "நீ யார்?" என்பதற்கான பதிலை வைத்துக்கொண்டு கெர்னல் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். அதற்குத் தேவையான கேள்வி வேறு: "நான் இனிச் செய்யப்போகும் காரியங்களில் எவற்றை நீ சரியாகச் செய்வாய்?" பெயரிலிருந்து இந்தக் கேள்விக்குப் பதில் வராது. கேட்டும், சோதித்தும், திருத்தியும், எல்லாக் கோர்களையும் ஒப்பிட்டும் கெர்னல்தான் அந்தப் பதிலை உருவாக்க வேண்டும்.

1. சிபியூஐடி இருக்கிறதா என்பதை யாரிடம் கேட்பது?

சிபியூஐடியை ஓட்டிச் செயலியை அறி என்கிறார்கள். அந்தக் கட்டளையே இல்லாத செயலியில் அதை ஓட்டினால் என்ன ஆகும்? 1993-ல் பென்டியத்தோடு வந்த கட்டளை அது. பின்னால் வந்த 486-களிலும் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய செயலிகளை அறிய இன்டெல் தானே வெளியிட்ட வழிகாட்டி சொன்ன முறைகளைப் பாருங்கள். ஃப்ளாக்ஸ் ரெஜிஸ்டரின் 12 முதல் 15 வரையான பிட்டுகளை மாற்ற முயல வேண்டும். எதைச் செய்தாலும் அவை 1 ஆகவே நின்றால் அது 8086. ரியல் மோடில் எதைச் செய்தாலும் 0 ஆகவே நின்றால் 286. இரண்டும் இல்லையென்றால் 386 அல்லது அதற்குப் பிந்தையது. அடுத்து 18-ஆம் பிட்டைப் புரட்டிப் பார்; புரண்டால் 486. பிறகு 21-ஆம் பிட். அதுவும் புரண்டால்தான் சிபியூஐடியை ஓட்டலாம்.

இந்த வரிசையில் எங்காவது செயலியிடம் பெயர் கேட்கப்பட்டதா? ஒவ்வொரு படியும் நடத்தைச் சோதனை. இதைச் செய், என்ன ஆகிறது என்று பார், அதிலிருந்து முடிவெடு. லினக்ஸின் 32-பிட் தொடக்க நிரல் இன்றும் 18-ஐயும் 21-ஐயும் புரட்டிப் பார்த்துத்தான் நகர்கிறது. எளிய முறை என்று கொண்டாடப்படும் சிபியூஐடியின் வாசற்படியே ஒரு சோதனைதான்.

சைரிக்ஸின் 6எக்ஸ்86 செயலியில் சிக்கல் இன்னும் கூடுதல். அதில் சிபியூஐடி இருந்தது, ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கெர்னல் முதலில் அது சைரிக்ஸ் என்று கண்டுபிடித்து, அதன் உள்ளமைப்பு ரெஜிஸ்டர்களில் ஒரு பிட்டை ஏற்றி, சிபியூஐடியை உயிர்ப்பித்துவிட்டுத்தான் கேள்வியே கேட்க முடியும். பெயர் சொல்லும் கட்டளை தூங்கும்போது சைரிக்ஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 5-ஐ 2-ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும். வகுத்தலுக்குப் பின் மற்ற 486 வகைச் சில்லுகளில் ஃப்ளாக்குகள் மாறும், சைரிக்ஸில் மாறாது. ஆக, பெயரைத் தெரிந்துகொள்வதற்கே முதலில் நடத்தையைப் பார்க்க வேண்டியிருந்தது.

2. செயலி சொல்வது உண்மை என்று யார் சொன்னது?

பெயர் வேண்டாம், வசதிப் பிட்டுகளையாவது நம்பலாமே என்பார்கள். மாடல் எண்ணை நம்புவதைவிட அது எவ்வளவோ மேல், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிட்டுகள் இரண்டு திசைகளிலும் பொய் சொல்லியிருக்கின்றன.

இல்லாததை இருக்கிறது என்ற பொய்க்குத் தொடக்ககால பென்டியம் ப்ரோ எடுத்துக்காட்டு. கெர்னலுக்குள் வேகமாக நுழைய உதவும் சிஸ்என்டர் கட்டளை தன்னிடம் உண்டு என்று அது பிட்டில் காட்டியது. உண்மையில் அந்தக் கட்டளை அதில் சரியாக இல்லை. பிட்டை நம்பிய கெர்னல் முதல் சிஸ்டம் காலிலேயே விழும். லினக்ஸ் அந்தக் குறிப்பிட்ட மாடல், ஸ்டெப்பிங் எண்களைப் பார்த்துப் பிட்டைத் தானே அழிக்கிறது.

இருப்பதை இல்லை என்ற பொய்க்கு எடுத்துக்காட்டுகள் ஏராளம். தொடக்ககால பென்டியம் எம் சில்லுகள் பலவற்றில், 32-பிட் செயலி 4 ஜிபிக்கு மேல் நினைவகத்தை அணுக உதவும் பிஏஈ வசதி வேலை செய்தது. ஆனால் பிட் அணைந்திருந்தது. லினக்ஸ் வினியோகங்கள் பிஏஈ கட்டாயம் என்று மாறியபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினிகள் ஒரே நாளில் "ஆதரிக்கப்படாத செயலி" ஆகிவிட்டன. 2014-ல் கெர்னலில் ஒரு பூட் விருப்பத்தையே புதிதாகச் சேர்த்து, "பிட் என்ன சொன்னாலும் பிஏஈயைப் பயன்படுத்து" என்று பயனர் கட்டளையிட வழி செய்ய வேண்டியிருந்தது. டிரான்ஸ்மெட்டா, ஐடிடி, ரைஸ் ஆகியோரின் சில்லுகள் 8 பைட் ஒப்பிட்டு மாற்றும் கட்டளையைத் தெரிந்தே மறைத்தன. காரணம் சிலிக்கானில் இல்லை. பழைய விண்டோஸ் என்டியில் இருந்த ஒரு பிழை. அந்தப் பிட்டைப் பார்த்தால் அது தடுமாறும் என்பதால், சில்லு தன் திறனைத் தானே மூடி வைத்துக்கொண்டது. லினக்ஸ் ஒவ்வொரு சில்லுக்கும் தனி வழியில் அந்த மறைப்பை விலக்க வேண்டியிருந்தது.

இதே விண்டோஸ் என்டியின் 4.0 பதிப்புக்காக இன்டெல்லும் ஒரு வேலை செய்தது. சிபியூஐடி தரும் தகவல் அடுக்குகளின் உச்ச எண் 3-ஐத் தாண்டினால் என்டி 4.0 குழம்பும். ஆகவே அந்த எண்ணைக் குறைத்துக் காட்டச் சொல்லும் ஒரு கட்டுப்பாட்டுப் பிட்டைச் செயலியில் வைத்தார்கள். பயாஸ் மெனுவில் அதற்கு ஒரு வரியும் வந்தது. யாரோ பயாஸில் அதைத் தட்டி வைத்திருந்தால், புத்தம் புதிய செயலி அடுக்குகள் பாதிக்கு மேல் தன்னிடம் இல்லை என்று சாதிக்கும். லினக்ஸ் தன் முதல் நிரல் வரிகளிலேயே அந்தப் பிட்டை அணைத்துவிட்டு மறுபடி கேட்கிறது. நினைவுப் பக்கங்களை இயக்க முடியாதவையாக்கும் என்எக்ஸ் வசதியைப் பயாஸ் மூடி வைத்திருந்தாலும் இதே கதை: திற, மறுபடி கேள்.

எனவே சிபியூஐடி தருவது முழு உண்மை அன்று. தயாரிப்பாளர், பயாஸ் எழுதியவர், ஒரு பழைய இயங்குதளத்தின் பிழை என்று பல கைகள் பட்டு வரும் வாக்குமூலம் அது. குறுக்கு விசாரணை இல்லாமல் அதை ஏற்பது எளிமை ஆகாது, அலட்சியம்.

3. பிட் சரியாக இருந்தும் கணக்குத் தப்பினால்?

பென்டியம் வகுத்தல் பிழை பலருக்கும் தெரியும். 1994-ல் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி கண்டறிந்து வெளியில் சொன்னார், இன்டெல்லுக்கு 47.5 கோடி டாலர் செலவு வைத்தது. அந்தச் செயலியின் பெயரில் தவறில்லை. மிதவைப் புள்ளி அலகு உண்டு என்ற பிட்டும் உண்மையே. விடைதான் தவறு. கெர்னல் அதை எப்படிப் பிடித்தது? 4195835-ஐ 3145727-ஆல் வகுத்து, அதே எண்ணால் பெருக்கி, தொடக்க எண்ணிலிருந்து கழித்துப் பார்த்தது. பூஜ்யம் வர வேண்டும். பழுதான சில்லில் 256 வரும். எந்த வாரம் தயாரானது, எந்த ஸ்டெப்பிங் என்ற பட்டியலே தேவையில்லை. ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல், ஒரு கழித்தல் போதும்.

இன்னொரு சோதனையை நான் எல்லாக் கெர்னல் மாணவர்களுக்கும் காட்ட விரும்புவேன். 386-ல், வாசிக்க மட்டும் என்று குறிக்கப்பட்ட பக்கத்தில் கெர்னல் நிலையில் எழுதினால் செயலி தடுக்காது. 486 முதல், அதற்கென உள்ள பிட்டை ஏற்றினால் தடுக்கும். எழுதும்போது மட்டும் பக்கத்தை நகலெடுக்கும் காப்பி ஆன் ரைட் முழுவதும் இந்தத் தடுப்பின் மேல் நிற்கிறது. லினக்ஸ் நெடுங்காலம் ஒவ்வொரு பூட்டிலும் ஒரு பக்கத்தை வாசிக்க மட்டும் என்று குறித்துவிட்டு, அதில் தானே எழுதப் பார்த்தது. பிழை எழுந்தால் செயலி நம்பிக்கைக்குரியது. பிழை எழாவிட்டால் 386. "இந்தச் செயலி எழுது-தடையை மதிக்கிறதா" என்ற பொருளில் திரையில் ஒரு வரியும் ஓடும். 2013-ல் வெளியான 3.8 பதிப்பு 386-ஐக் கைவிட்டதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, இந்த ஒரு குறைக்காகக் கெர்னல் முழுவதும் சுமந்துகொண்டிருந்த மாற்று வழிகள்.

பூட் தொடக்கத்தில் சோதிப்பது ஆபத்து என்ற வாதத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. இந்தச் சோதனையின் வெற்றியே ஒரு பிழை எழுவதுதான். தற்காலிகப் பிழை கையாளியை முதலில் நிறுவு, பிறகு சோதி. வரிசையைச் சரியாக வைத்தால் ஆபத்து இல்லை. வரிசை தெரியாதவர்களுக்குத்தான் சோதனை வம்பாகத் தெரிகிறது.

இதெல்லாம் பழைய காலம் என்று கைகழுவ முடியாது. ஏஎம்டியின் ஜென் 2 செயலிகள் 2019-ல் வந்தபோது, சமவாய்ப்பு எண் தரும் ஆர்டிராண்ட் கட்டளை பல இயந்திரங்களில் எல்லாப் பிட்டுகளும் 1 ஆன ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பத் தந்தது. கட்டளை உண்டு என்ற பிட் உண்மை. வெற்றிகரமாக எண் தந்தேன் என்று சொல்லும் கேரி ஃப்ளாக்கும் ஏறியிருந்தது. தவறு வந்த எண்ணில். அதை நம்பிய மென்பொருள்கள் சில லினக்ஸ் கணினிகளைத் தொடங்கவே விடவில்லை. கெர்னல் இன்று பூட்டின்போது அந்தக் கட்டளையைச் சில முறை ஓட்டி, எண்கள் மாறுகின்றனவா என்று பார்க்கிறது. மாறவில்லை என்றால் நம்புவதில்லை.

4. எப்போது கேட்டீர்கள்?

ஒரு முறை கேட்டு, மாறியில் எழுதி வைத்துவிடலாம் என்ற நம்பிக்கையின் அடியில், செயலி மாறாதது என்ற எண்ணம் இருக்கிறது. செயலிக்குள் ஏற்றப்படும் திருத்த நிரலான மைக்ரோகோடு அதைத் தகர்த்துவிட்டது. 2014 ஆகஸ்டில், ஹாஸ்வெல் செயலிகளில் லாக்குகளை வேகமாக்க உதவும் டிஎஸ்எக்ஸ் வசதியில் பிழை இருப்பதை இன்டெல் ஒப்புக்கொண்டது. திருத்தமாக வந்த மைக்ரோகோடு அந்த வசதியையே அணைத்தது. வசதிப் பிட்டும் கட்டளைகளும் சேர்ந்தே மறைந்தன. இப்போது எண்ணிப் பாருங்கள். கெர்னல் பிட்டைப் படித்தாயிற்று. சி மொழியின் ஜிலிப்சி நூலகமும் படித்து, தன் லாக்குகளுக்கு அந்தக் கட்டளைகளைத் தேர்ந்தெடுத்தாயிற்று. அதற்குப் பின் மைக்ரோகோடு ஏறுகிறது. சற்று முன்வரை சரியாக ஓடிய நிரல்கள் "தெரியாத கட்டளை" என்று சாகின்றன. இது நடந்தது. பிட்டைப் படித்தவர் எவரும் தவறு செய்யவில்லை. படித்த நேரம்தான் தவறு.

முதலில் மைக்ரோகோடு, பிறகு அடையாளம் என்ற வரிசை இதனால்தான் உயிர்நாடி. லினக்ஸ் 2013-ல் 3.9 பதிப்பிலேயே மைக்ரோகோடை முன்கூட்டி ஏற்றும் வழியைக் கொண்டுவந்திருந்தது. அது வெறும் வசதியன்று என்பதை ஹாஸ்வெல் காட்டியது.

2018 ஜனவரியில் சிக்கல் எதிர்ப்பக்கமாகப் புரண்டது. ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறைக்கு மருந்தாக வந்த இன்டெல் மைக்ரோகோடுகளில் சில இயந்திரங்களை ரீபூட் ஆக்கின. இன்டெல் அவற்றைத் திரும்பப் பெற்றது. லினக்ஸ் அவற்றின் திருத்த எண்களை ஒரு பட்டியலாக எழுதி, அந்த எண் தென்பட்டால் புதிய பாதுகாப்புப் பிட்டுகளைக் கண்டுகொள்ளாமல் விட்டது. ஆக, அன்றைய நாளில் ஒரு செயலியின் "வகை" என்பது மாடலும் ஸ்டெப்பிங்கும் அதில் அன்று ஏறியிருந்த மைக்ரோகோடும் சேர்ந்த ஒன்று. ஒரே வரியில் அறிந்துவிடலாம் என்பவர்கள் இதில் எதை அந்த வரியில் எழுதுவார்கள்?

5. எந்தக் கோரிடம் கேட்டீர்கள்?

"செயலியின் வகை" என்ற ஒருமையே இன்று தவறு. பூட் ஒரு கோரில் தொடங்குகிறது. அந்தக் கோர் சொன்னதை எல்லாக் கோர்களுக்கும் பொதுவாக்குகிறார்கள். ஒரே மாதிரிக் கோர்கள் இருந்த காலத்தில் அது செல்லும். ஆர்மின் பிக்.லிட்டில் வடிவமைப்பு வந்த பிறகு ஒரே சில்லில் இரண்டு, சில சமயம் மூன்று வகைக் கோர்கள் இருக்கின்றன.

2016-ல் மோனோ ரன்டைமை உருவாக்கும் குழுவினர் ஒரு விசித்திரமான பிழையைத் துரத்தினார்கள். குறிப்பிட்ட கைப்பேசிகளில் மட்டும், நினைத்த இடத்தில் நினைத்த நேரத்தில், சரியான கட்டளைகளின் மேல் நிரல் செத்தது. காரணம் சாம்சங்கின் எக்சினோஸ் 8890. அதன் பெரிய கோர்களின் கேஷ் லைன் 128 பைட். சிறிய கோர்களில் 64. புதிதாக உருவாக்கிய கட்டளைகளை ஓட்டும் முன் கேஷைத் துடைக்கும் ஒரு நூலகச் செயல்பாடு, கேஷ் லைனின் அளவை முதல் தடவை மட்டும் படித்து நினைவில் வைத்துக்கொண்டது. முதல் தடவை பெரிய கோரில் ஓடியிருந்தால் 128. பிறகு அதே நிரல் சிறிய கோருக்கு நகரும்போது, 128 பைட்டாகத் தாண்டித் தாண்டித் துடைக்கும். ஒன்று விட்டு ஒரு லைன் துடைக்கப்படாமல் நிற்கும். பழைய கட்டளைகள் அங்கே உயிரோடு இருக்கும். ஒரு முறை கேள், மாறியில் எழுதி வை என்ற அறிவுரையைச் சொன்னபடியே பின்பற்றிய நிரல் அது.

இரண்டு ஆண்டு கழித்து எக்சினோஸ் 9810. அதன் சிறிய கோர்களான கார்டெக்ஸ்-ஏ55-ல் புதிய அட்டாமிக் கட்டளைகள் உண்டு. சாம்சங்கின் சொந்தப் பெரிய கோர்களில் இல்லை. அந்தக் கைப்பேசிகளின் கெர்னல் அவை உண்டு என்று பயனர் நிரல்களுக்கு அறிவித்தது. கோ மொழியின் ரன்டைம் அதை நம்பி அவற்றைப் பயன்படுத்தியது. பெரிய கோருக்கு நகர்ந்ததும் செத்தது. இந்தப் பிழையில் கோ குழுவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கெர்னலின் வாக்கை நம்பாமல் ஒரு பயனர் நிரல் வேறு யாரை நம்பும்? எல்லாக் கோர்களுக்கும் பொதுவான குறைந்தபட்சத்தை அறிவிப்பது கெர்னலின் கடமை. அதில் அது தவறியது.

ஆர்ம் 64-பிட் லினக்ஸின் முதன்மை நிரல் இந்தக் கடமையை முறையாகச் செய்கிறது. ஒவ்வொரு கோரின் அடையாள ரெஜிஸ்டர்களையும் படித்து, ஒவ்வொரு புலத்துக்கும் பாதுகாப்பான மதிப்பு எது என்று தனித்தனி விதி வைத்து, அமைப்பு முழுவதற்கும் ஒரே பதிலை வடிக்கிறது. சில புலங்களில் சிறியது பாதுகாப்பு, சிலவற்றில் பெரியது. கேஷ் லைன் அளவு கோர்களுக்கிடையே வேறுபட்டால், பயனர் நிரல் அந்த ரெஜிஸ்டரைப் படிக்கும்போதே இடைமறித்து, வடித்த மதிப்பைத் தருகிறது. பூட் முடிந்தபின் எழுப்பப்படும் கோர் ஒன்றில், ஏற்கெனவே நம்பித் தொடங்கிவிட்ட வசதி இல்லையென்றால் அந்தக் கோரைச் சேர்த்துக்கொள்வதே இல்லை. எந்தக் கோரின் பெயரும் இந்தக் கணக்கை முடிவு செய்வதில்லை.

எக்ஸ்86-க்கும் இது வந்து சேர்ந்தது. 2021 இறுதியில் வந்த ஆல்டர் லேக்கில் பெரிய கோர்களின் சிலிக்கானில் ஏவிஎக்ஸ்-512 வெக்டார் வசதி இருந்தது. சிறிய கோர்களில் இல்லை. சிறிய கோர்களைப் பயாஸில் அணைத்தால், தொடக்ககால மதர்போர்டுகள் சிலவற்றில் அந்த வசதியை இயக்க முடிந்தது. அதே பெட்டி, அதே மாடல் எண். பயாஸ் அமைப்பைப் பொறுத்து வசதி தோன்றியது, மறைந்தது. பின்னர் இன்டெல் அதை மூடிவிட்டது.

6. அடியில் இருப்பது செயலிதானா?

இன்றைய சர்வர் கெர்னல்களில் பெரும்பாலானவை ஹைப்பர்வைசரின் மேல் ஓடுகின்றன. அங்கே சிபியூஐடிக்குப் பதில் சொல்வது ஹைப்பர்வைசர். ஓடிக்கொண்டிருக்கும் விர்ச்சுவல் மெஷினை வேறு பெட்டிக்கு நகர்த்த வேண்டியிருப்பதால், அது வசதிகளைக் குறைத்தே காட்டும். மாடல் எண்ணை மட்டும் பல சமயம் அசலாக விட்டுவைக்கும். மாடல் எண்ணைப் பார்த்து, இந்த மாடலில் இந்தக் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர் இருந்தாக வேண்டும் என்று படிக்கப்போன கெர்னல்கள் அங்கே விழுந்திருக்கின்றன. மேலே சொன்ன மைக்ரோகோடு பட்டியலிலும் லினக்ஸ் ஒரு விலக்கு வைத்தது: ஹைப்பர்வைசர் தெரிந்தால் பட்டியலைப் பார்க்காதே, ஏனெனில் ஹைப்பர்வைசர்கள் திருத்த எண்ணைப் பற்றிப் பொய் சொல்லும் என்று நமக்குத் தெரியும். நிரலின் குறிப்பிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

7. பட்டியலில் இல்லாதவன் என்ன ஆவான்?

பெயர்ப் பட்டியலின் பெரிய தீங்கு, அது நேற்றைக்கு எழுதப்பட்டது என்பது. 32-பிட் ஆர்ம் லினக்ஸின் தொடக்க நிரலில், எம்எம்யூ இயங்கும் முன்பே, அடையாள ரெஜிஸ்டரைப் படித்து, ஒரு முகமூடியால் வடிகட்டி, செயலிப் பட்டியலில் தேடும் பகுதி உண்டு. பொருத்தம் கிடைக்காவிட்டால் கெர்னல் அங்கேயே நிற்கும். கன்சோல் இன்னும் வரவில்லை. தொடக்க நிலை டிபக் வசதியைச் சேர்த்துக் கட்டியிருந்தாலொழிய ஒரு சொல்லும் வராது. எல்லாவற்றையும் சரியாகச் செய்யக்கூடிய புதிய சில்லாக இருந்தாலும், எண் புதிது என்ற ஒரே குற்றத்துக்காகக் கருந்திரை. இந்தப் பட்டியலின் கடைசியில் பின்னாளில் என்ன வந்தது தெரியுமா? ஆர்ம்வி7 எதுவானாலும் ஏற்றுக்கொள் என்ற பொதுப் பதிவு. பட்டியல் தன் தோல்வியைத் தானே எழுதிக்கொண்டது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

கெர்னலுக்கு வெளியேயும் இதன் விளைவைப் பார்க்கலாம். இன்டெல் கம்பைலர் உருவாக்கிய நிரல்கள், வேகமான பாதையைத் தேர்ந்தெடுக்கும் முன் தயாரிப்பாளர் பெயர் இன்டெல்தானா என்று பார்த்தன. அதே வசதிகள் கொண்ட ஏஎம்டி, வியா சில்லுகள் மெதுவான பாதைக்குத் தள்ளப்பட்டன. டென்மார்க்கின் அக்னர் ஃபாக் இதை ஆதாரத்தோடு விடாமல் எழுதினார். அமெரிக்க வணிக ஆணையம் 2009-ல் இன்டெல் மீது தொடுத்த வழக்கில் இதுவும் இடம்பெற்று, 2010-ல் உடன்பாட்டில் முடிந்தது. பெயரைக் கேட்டுத் திறனை முடிவு செய்யும் நிரல் அநியாயத்துக்கும் வழி விடும்.

அப்படியானால் மாடல் எண்ணே வேண்டாமா? வேண்டும், ஒரே ஒரு வேலைக்கு. தெரிந்த பழுதுகளுக்கு. பென்டியத்தின் எஃப்00எஃப் பிழை, 1997-ல் தெரியவந்தது. சாதாரணப் பயனர் நிரலின் ஒரு தவறான கட்டளை இயந்திரத்தையே உறைய வைத்தது. அதை ஓட்டிப் பார்த்துச் சோதிக்க முடியாது; சோதித்தால் உறைந்துபோகும். அங்கே எண்ணைப் பார்த்துத்தான் தடுப்பு போட வேண்டும். மெல்ட்டவுன் என்ற பாதுகாப்புக் குறையும் அப்படியே. ஆனால் அதில் லினக்ஸ் பட்டியலை எந்தப் பக்கம் எழுதியது என்று கவனியுங்கள். பாதிக்கப்பட்ட செயலிகளின் பட்டியலை அது எழுதவில்லை. பாதிப்பு இல்லை என்று உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் எழுதியது: ஏஎம்டி, வரிசை தவறாமல் ஓடும் பழைய ஆட்டம்கள் போன்றவை. பட்டியலில் இல்லாத இன்டெல் செயலி எதுவும், தனக்குப் பாதிப்பில்லை என்று தனிப் பிட்டால் அறிவித்தாலொழிய, பாதிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். திறன் விஷயத்தில் தெரியாதவனுக்கு வாய்ப்புக் கொடுத்துச் சோதி. பழுது விஷயத்தில் தெரியாதவனைச் சந்தேகி. வழக்கமான கருத்து இந்த இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டுக் கலந்துவிடுகிறது. அதனால்தான் இரண்டிலும் தவறுகிறது.

8. புதிய வடிவமைப்புகளில் இந்தக் குப்பை இல்லையே?

கடைசி அடைக்கலம் இது. எக்ஸ்86, ஆர்ம் இரண்டும் பல பத்தாண்டுச் சுமை. வெற்றுத் தாளில் தொடங்கிய ஆர்ஐஎஸ்சி-வியைப் பாருங்கள் என்பார்கள். பார்ப்போம். அதன் வசதிகளைச் சொல்லும் ரெஜிஸ்டரை மிக உயர்ந்த மெஷின் மோடில்தான் படிக்க முடியும். லினக்ஸ் வழக்கமாக ஓடுவது அதற்குக் கீழே. ஆகவே கெர்னல் நம்புவது ஃபர்ம்வேர் கொடுக்கும் டிவைஸ் ட்ரீயில் மனிதர் ஒருவர் தட்டச்சு செய்த எழுத்துத் தொடரை. சிபியூஐடிக்காவது சிலிக்கான் பொறுப்பு; இதற்கு ஒரு உரைக் கோப்பு. சென்னை ஐஐடியின் சக்தி செயலிகளும் இந்த ஆர்ஐஎஸ்சி-வி குடும்பமே. அவற்றின் மேல் ஓடும் லினக்ஸும் இதே ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது. செயலியைச் சொந்தமாக வடிக்கிறோம் என்றால், அது தன்னைக் கெர்னலுக்கு எப்படி அறிவிக்கிறது என்பதையும் அதே அக்கறையோடு கற்பிக்க வேண்டும்.

இந்தப் புதுத் தாளிலும் பொய் வந்துவிட்டது. டி-ஹெட்டின் சி906 கோர் வெக்டார் வசதியின் இறுதியாகாத 0.7 வடிவத்தைக் கொண்டு வெளியானது. இறுதியான 1.0 வடிவத்தோடு அது ஒத்துப்போகாது; ஆனால் இரண்டையும் குறிக்கும் எழுத்து ஒன்றே. லினக்ஸ் தயாரிப்பாளர் எண்ணையும் வடிவமைப்பு எண்ணையும் பார்த்து, டி-ஹெட்டின் அந்தக் கோர்களில் அந்த எழுத்தைப் புறக்கணிக்கிறது. பென்டியம் ப்ரோவுக்குச் செய்த அதே திருத்தம், கால் நூற்றாண்டு கழித்து.

அடுத்தது, ஒழுங்கற்ற முகவரியிலிருந்து தரவை எடுப்பது. ஆர்ஐஎஸ்சி-வியில் சில கோர்கள் அதை வன்பொருளிலேயே வேகமாகச் செய்கின்றன. சிலவற்றில் ஃபர்ம்வேர் இடைமறித்துப் பல மடங்கு மெதுவாகச் செய்து முடிக்கும். எது எப்படி என்று நம்பகமாகச் சொல்லும் பெயரோ பிட்டோ கெர்னலுக்குக் கிடைக்கவில்லை. எனவே லினக்ஸ் பூட்டின்போது ஒவ்வொரு கோரிலும் ஒழுங்கற்ற முகவரியிலிருந்து தரவை நகலெடுத்து, பைட் பைட்டாக நகலெடுப்பதோடு நேரத்தை ஒப்பிட்டு, எது வேகம் என்று அளந்து குறித்துக்கொள்கிறது.